நாற்பத்திரண்டு வரிக் கப்பல்

மூன்றரை மணிநேர நாடகத்தை
நான்கு பகுதி, பகுதிக்கு இருபத்திரண்டு நிமிடம் என்று
நறுக்கித் தரச் சொன்னார்கள்.
மிச்சம் எங்கே போகும் என்று கேட்டேன்.
பால்மாவுக்கு, என்றார் தயாரிப்பாளர்.
பகிடி இல்லை.

மங்கிய ரோனியோப் பிரதி.
முதற்பக்கத்தில் ஒரு தேத்தண்ணி வட்டம்,
வட்டத்துக்குள் கனகசூரிய மாஸ்டரின் குறிப்பு:
"கடலுக்கு நீலச்சேலை இரண்டு. பொடியன்கள் நால்வர்.
கடல் கோபிக்கும் இடத்தில்
விசையாக ஆட்டவும்."

எங்களிடம் உண்மைக் கடல் இருந்தது.
அதுதான் வில்லங்கம்.
டச்சுக்குடாவில் கமராவை வைத்தால்
ஃபைபர் வள்ளங்களின் வெள்ளை.
உள்துறைமுகத்தில் வைத்தால் அக்கரையில்
சீனன்குடா மாவாலை, விளக்கெல்லாம் எரிய,
பதினேழாம் நூற்றாண்டுக்குள்
மா அரைத்துக்கொண்டிருந்தது.
கோபிக்கவேண்டிய நாளில் கடல்
குளம்போலக் கிடந்தது.

கோட்டைக்குள் படம்பிடிக்க மூன்று கடிதம்,
இரண்டு முத்திரை, ஒரு கேணல்.
உள்ளே போனால்
யாரிடமும் அனுமதி கேளாத மான்கள்.
அரசி அழும் காட்சியில் ஒன்று வந்து
அவள் மாலையைத் தின்றது.
தர்மாவதி அழுதபடியே சிரித்துவிட்டாள்.
அவள் அழுத ஒன்பதில்
அந்த ஒன்றைத்தான் வைத்துக்கொண்டோம்.

தூதுவன், அமலதாசன்.
பகலில் சுங்கக் கந்தோர், இரவில் முப்பது வருட மேடை.
மைதானத்தின் கடைசியில் கச்சான் விற்கிறவளுக்கும்
கேட்கவேண்டும் என்று வளர்த்த குரல்.
முதல் வரியிலேயே ஒலிப்பதிவு றிஸ்வி
காதில் இருந்ததைக் கழற்றி மணலில் வைத்தான்.
"மெதுவாச் சொல்லுங்கோ அண்ணே,
மைக் உங்கட சட்டைக்குள்ள இருக்கு."
"சட்டைக்குள்ள இருக்கிறவனுக்கு
இந்தச் செய்தி எதுக்கடா?"

செய்தி இதுதான்: கொட்டியாரக் குடாவின் வாயில்
பாய்மரங்கள்.
நாற்பத்திரண்டு வரி.
மேடையில் ஒரு கப்பலும் இராது.
அவர் பார்க்கிற பக்கம்
சனம் கழுத்தைத் திருப்பும்;
அங்கே சைக்கிள்கள்தான் நிற்கும்.

"ரீவியில் கப்பலைக் காட்டவேணும்,
கதைக்கக்கூடாது" என்றார் இயக்குநர்.
நாற்பத்திரண்டையும் வெட்டினேன்.
ஓரத்தில் சிவப்புப் பேனையால்
'கப்பல்கள் தெரிகின்றன' என்று எழுதினேன்.
கை கூசவில்லை, அன்றைக்கு.

கப்பல்கள் கொழும்பில், கணினியில் கட்டப்பட்டு
ஒருவரின் சட்டைப்பையில்
இரவுத் தபால்ரயிலில் வந்து இறங்கின.
ஏழு கப்பல். ஏழுக்கும் ஒரே அலை.
ஒரே மாலுமி ஏழு தரம்
ஒரே கயிற்றை இழுத்தான்.
"இதுக்கா பயந்து ஓடினவங்கள்?" என்றான் றிஸ்வி.

இயக்குநர் கனநேரம் பேசவில்லை.
பிறகு, நீலச்சேலை எடுக்கலாமா என்றார்.
சேலை வேண்டாம் என்றேன்.
வெட்டின தாளை
மடிப்பு நீவிக் கொடுத்தேன்.

விடியப்புறம், மதிலின் மேல்.
கமரா அவர் முகத்தை விட்டு நகராது என்று பேச்சு.
மனிதர் அன்றைக்குக் கத்தவில்லை.
பக்கத்தில் படுத்திருப்பவனை
எழுப்பாமல் எழுப்புகிற குரல்.
பன்னிரண்டாம் வரியில் நான் திரும்பி
கடலைப் பார்த்தேன்.
கமராக்காரனும் திரும்பியிருக்கிறான்:
அந்த இடத்தில் படம்
ஒரு நூல் ஆடுகிறது.
ஆடட்டும் என்று விட்டோம்.

வெள்ளி இரவு ஒளிபரப்பு.
பஸ் நிலையத்துக்கு எதிரே கொத்துரொட்டிக் கடை.
நாடகம் பார்க்க என்று வந்தவர் ஒருவருமில்லை.
தூதுவன் தொடங்கினான்.
கொத்துகிறவனின் தகடு இரண்டும்
கல்லின் மேலே, காற்றில், நின்றன.
ஒருவர் குழம்பு கேட்டார், கிடைக்கவில்லை.

இருபத்தாறாம் வரியில் பால்மா.
குழந்தையொன்று கோப்பையைக் கவிழ்த்துக் குடித்து
கதவு நிலையளவு வளர்ந்தது.

ரொட்டி ஒருபக்கம் கருகிக்கொண்டிருக்க
தகடு பிடித்தவன் வாசலுக்கு வெளியே,
துறைமுகம் இருக்கிற இருட்டைப் பார்த்து
"வந்திட்டுதோ?" என்றான்.
என்னைக் கேட்கவில்லை.