விறகுக் கணக்கு

ஹென்னூர் சாலை, நாலாவது மாடி.
இரவு ஒன்றேகாலுக்கு
மாசசூசெட்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறக்கிறேன்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று,
குளிர்காலத் தவணை.
ஸ்கேன் பண்ணிய பதிவேடு, ஓரமெல்லாம் எலி கடித்தது.
வரிக்கு முப்பது பைசா.
தப்புக்கு மூன்று ரூபாய் பிடித்தம்.

அந்தக் காலத்து எஸ்
எஃப் மாதிரி கொக்கி போட்டு நிற்கும்.
முதல் வாரம் என் கையில்
அவர்கள் பாவங்களெல்லாம் மீன்துடுப்பாகிவிட்டன.
பசவராஜு சார் சிரிக்கவில்லை.
பிடித்துக்கொண்டார்.

வாத்தியார் பெயர் எலிஃபலெட், வயது இருபது.
மாதம் ஆறு டாலர்,
வாரத்துக்கு ஒரு வீட்டில் சோறும் படுக்கையும்.
ஆண்பிள்ளைகள் பதினேழு: வாசிப்பு, எழுத்து, கணக்கு.
பெண்பிள்ளைகள் ஒன்பது: வாசிப்பு.
மற்றதற்கு நேரே ஒரு கோடு,
அளவுகோல் வைத்து இழுத்த நல்ல கோடு.

அடுத்த கட்டம் விறகு.
பிள்ளைக்கு ஒரு வண்டி, வீட்டார் கொண்டுவந்து இறக்க வேண்டும்.
இறக்காத வீட்டுப் பிள்ளைக்குக் கணப்புப் பக்கம் இடமில்லை;
வடக்குப் பெஞ்சு,
மைக்கூடு உறைந்துபோகும் பெஞ்சு.

மெஹிடபெல், வயது எட்டு. விறகு: வரவில்லை.
ஜனவரி, மெஹிடபெல். வரவில்லை.
பிப்ரவரியில் பெயரே இல்லை.
செத்துப்போனாள் என்றுதான் நினைத்தேன்.
மார்ச்சில் இருக்கிறாள்,
பனி உருகியதும் திரும்பி வந்திருக்கிறாள் கழுதை.

என் நாற்காலி ஏசிக்கு நேர் கீழே.
பதினெட்டு டிகிரி, மெஷினுக்காக என்கிறார்கள்.
சீக்கிரம் வருகிறவர்களுக்குச் சுவரோரம்.
லிங்கராஜபுரத்தில் பஸ் கிடைக்காதவர்களுக்கு இது.
அஃப்ரோஸ் தன் சால்வையை
அரைமணி நேரம் வாடகைக்கு விடுவாள்,
இரண்டு தேங்காய் பிஸ்கட்.

மூன்று நாற்பதுக்கு
மெஹிடபெலுக்கு நேரே அடித்தேன்:
ஒரு வண்டி, வந்தது.
ஓக் மரம் என்றும் சேர்த்தேன். நன்றாகக் காய்ந்தது.
ஒரு வண்டி ஓக் மூன்று ரூபாய்க்கு
எந்த ஊரில் கிடைக்கும்?

ஐந்து மணிக்குச் சிவப்பாய்த் திரும்பியது.
'படத்தில் இப்படி இல்லை.'
இல்லைதான்.
'ஓக் எங்கிருந்தம்மா வந்தது?'
பசவராஜு சார் உண்மையாகவே தேடினார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
திருத்தினேன். பெஞ்சை மறுபடி
வடக்கே நகர்த்தினேன்.

வண்டி கீழே ஹாரன் அடிக்கும்போது
கடைசிப் பக்கம். எலிஃபலெட்டின் கை,
அவசரமாய், மை இழுபட்டு:
தவணை முடிவில் விறகு மீதி, ஒன்றரை வண்டி.
ஏலத்தில் விற்கப்பட்டது.

அதையும் அடித்தேன்.
முப்பது பைசா.