இரண்டரைக் கிலோ

ஆடித் தள்ளுபடி பேனர் ஒரு முனை அவிழ்ந்து
ரிச்சி தெரு முழுக்க விசிறிக்கொண்டிருந்தது.
தரையில் சாக்கடைத் தண்ணீர்,
அதன்மேல் டிவிப் பெட்டியின் அட்டையைப் போட்டு வழி.
என் கையில் நாலாய் மடித்த தாள்.
ஜெனோவா மூன்று வாரம் உட்கார்ந்து கட்டம் போட்டது:
ராம், கிராபிக்ஸ், திரையின் ஹெர்ட்ஸ்,
கடைசிக் கட்டத்தில் விலை.
விலைக்குப் பக்கத்தில் பென்சிலால்
என் அம்மாவின் முகம், புருவம் தூக்கியபடி.

பணம் ஏலச்சீட்டில் வந்தது,
கழிவு போகத் தொண்ணூற்றிரண்டாயிரம்.
அம்மா கேட்டது ஒன்றே ஒன்று:
"இதுல படிக்கலாம்ல?"
ஆர்க்கிடெக்சர், மூணாவது செமஸ்டர்,
ஒரு கட்டடம் ரெண்டர் ஆக
காலேஜ் லேபில் ராத்திரி வரை வரிசை என்றெல்லாம் சொன்னேன்.
எல்லாம் உண்மை.
உண்மையை மட்டுமே அடுக்கி
ஒன்றை மறைக்க முடியும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் கடையில், "காலேஜா, எடிட்டிங்கா, கேமிங்கா?"
மூன்றும் என்றேன்.
"மூணுக்கும் ஒண்ணுன்னா முதுகு வலிக்கும்."
இரண்டாவது கடையில் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு
தாளையே திருப்பிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது, மாடிப்படி ஏறி.
நவ்ஷாத் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவனுக்கு
என் வயதுதான் இருக்கும்.
நான் காட்டிய மெஷினைத் திறந்தான்,
விசைகளுக்கு அடியில் தேருக்குக் கட்டிய சீரியல் பல்பு.
ஒரு விசையை அமுக்கி அத்தனையையும் அணைத்தான்.
"லைட்டுக்கு ஆறாயிரம் வாங்குறான். சூடு தாங்காது."

கறுப்பாய், பள்ளிக்கூட ஸ்லேட்டைப் போல் ஒன்றை எடுத்தான்.
"டெமோ பீஸ். குறைச்சுத் தரச் சொல்றேன். கை வைங்க இங்க."
காற்று வெளியேறும் ஓரத்தில் கை வைத்தேன்.
கேமைத் திறந்தான்.

அந்தப் பாலத்தில் நான்
ஜெனோவா வீட்டு மெஷினில் பதினோரு தடவை செத்திருக்கிறேன்.
அவன் பக்கத்தில் நின்றவருக்கு
அடாப்டர் விலை சொல்லிக்கொண்டே கடந்தான்.
விரலைப் பார்க்கவே இல்லை.
இருபது நிமிடம். விசிறி இரைந்தது.
கை பொறுக்கிற சூடுதான்.

"வீட்ல என்ன மெஷின் வெச்சிருக்கீங்க?"

"வீட்லயா?"
சிரித்துவிட்டு மூடியைத் துடைத்தான்.
"வீட்ல போன். அதுவும் கோடு விழுந்தது.
இங்கதான், கஸ்டமருக்குக் காட்டுற சாக்குல.
பாதி தூரம் போவேன்,
அந்த மெஷின் வித்துடும்.
அடுத்ததுல மறுபடி முதல்லேருந்து.
இதுலதான் கடைசிக் கதவு வரைக்கும் வந்திருக்கேன்."

பில் போடும் சத்தம்.
"மேடம், என் ஆட்டத்தை அழிச்சிடவா?"
இருக்கட்டும் என்றேன். இடம் நிறைய இருக்கிறதே.

அரசினர் தோட்டத்தில் ஏறித் தண்டையார்பேட்டை வரைக்கும்
மடியில் வைத்திருந்தேன்.
இரண்டரைக் கிலோ என்பது மெஷின் மட்டும்.
சார்ஜர் தனி, செங்கல்.
அம்மா தொட்டுப் பார்த்து
"பச்சப்புள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கே" என்றாள்,
வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள்.

ராத்திரி என் கட்டடம் ரெண்டர் ஆகிறது:
ஜன்னல் ஜன்னலாக, கொசுவலைக்குள் வெளிச்சம் வருவது போல.
பதினேழு நிமிடம் என்கிறது.
முடிந்ததும் கேமைத் திறந்தால் இரண்டு ஆட்டங்கள்.
ஒன்றில் நான், பாலத்துக்கு இந்தப் பக்கம்.
மற்றதில் பனி கொட்டுகிறது,
அவனுடைய ஆள் கதவுக்கு முன்னால் நிற்கிறான்,
தோளை ஏற்றி இறக்கி, மூச்சு விட்டபடி.
அதை நான் தொடுவதில்லை.
சும்மா பார்த்துவிட்டு மூடுகிறேன்.

ஒரு மவுஸ் வாங்க வேண்டும்.
தண்டையார்பேட்டையிலேயே கிடைக்கும்தான்.
"ரிச்சி தெருவில் மலிவு" என்றேன் அம்மாவிடம்.
அதுவும் உண்மை.
சனிக்கிழமை, கடையில் கூட்டம் குறைகிற நேரமாய்.
பொருந்துகிறதா என்று பார்க்கணுமே என்று
மெஷினையும் பையில் வைக்கிறேன்,
செங்கலையும்.