இடது பின்பக்கத்து மழை

வன்தட்டில் இடமில்லை.
நூற்றுப் பன்னிரண்டு படங்கள்,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒலித்தடம்:
இழப்பில்லாதது நான்கு ஜிபி,
இழப்புள்ளது அரை ஜிபி.
ஒன்றை அழித்தாக வேண்டும்.

தம்பெரேயில் ஜனவரி,
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
டிராம் ஓட்டிவிட்டு வந்த ஸைமி
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றியபடியே கேட்டாள்,
"இழப்புள்ளதுன்னா, எதை இழந்தாங்களாம்?"

பெரிய சத்தத்தின் நிழலில் நிற்கிற
சின்னச் சத்தங்களை, என்றேன்.
இடி விழும்போது கதவு கிறீச்சிடுவதை.
காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுக்
கழித்துவிடுவார்கள்.

"கவனிக்காததுதானே, போனா என்ன?"

ரிசீவரின் விளக்கை அட்டையால் மறைத்தாள்.
ரிமோட்டைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.
ஒரே காட்சி, பத்துத் தடவை:
தகரக் கொட்டகை, மழை, ஓடிவரும் குதிரை.
மின்கட்டண ரசீதின் முதுகில்
சுழியும் பெருக்கலுமாகக் குறித்துக்கொண்டு வந்தேன்.
மூன்றாவதில் சத்தியமே செய்தேன்.
ஆறாவதில் கீழ்வீட்டுக் கெட்டுனென்
துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்;
எட்டாவதிலும் அதே இடி.
அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பத்துக்கு ஐந்து.
பூவா தலையா போட்டிருக்கலாம்.

சிரிப்பாள் என்றிருந்தேன்.
சோபாவின் இடது ஓரத்தில், எப்போதும் உட்காரும் இடத்தில்,
காலை மடக்கிக்கொண்டு கேட்டாள்:
"இந்த மழை ஏன்
என் பக்கம் பெய்யறதே இல்லை?"

டார்ச்சோடு சோபாவுக்குப் பின்னே தவழ்ந்தேன்.
இடது பின் ஸ்பீக்கரின் ஒயர்
பூனை கடித்து இரண்டாகி
செப்பு முனையில் தூசி கட்டிக் கிடந்தது.
பூனை செத்தே மூன்று வருஷம்.

மூன்று வருஷம்
பதினாறு பிட்டா இருபத்துநாலா என்று
வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம்
உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன்.
"ஏன் சொல்லலை?"
"படமே அப்படித்தான்னு நினைச்சேன்."

ஒயரைச் சீவி முறுக்கினேன்.
டேப் சுற்றும்வரை அவள் டார்ச் பிடித்தாள்.
பதினோராம் தடவை குதிரை வந்தது
அவள் தோளுக்குப் பின்னாலிருந்து.
சட்டென்று திரும்பினாள்.
சுவர். ஜன்னல். வெளியே
சத்தமே இல்லாமல் பனி.

எந்தத் தடம் ஓடியது என்று
அட்டையை எடுத்துப் பார்க்கவில்லை.
கெட்டுனென் மறுபடி இடித்தார்.
"இன்னொரு வாட்டி," என்றாள்.
வன்தட்டில் இன்னமும் இடமில்லை.