பதினைந்து நிமிடத்துக்கு ஒரு குழாய்

செகெட் நகரில், திஸா ஆறு உறைந்திருந்த பிப்ரவரி.
என் வேலை எளியது:
போட்ஸாவின் வயிற்றிலிருந்து சொட்டுவதைப்
பதினைந்து நிமிடத்துக்கு ஒரு குழாயில் பிடிப்பது,
பிறகு அதில் காரம் விடுவது, சொட்டுச் சொட்டாக,
ரோஜா நிறம் வந்து
போகாமல் நிற்கும்வரை.

போட்ஸா பழுப்புப் பெட்டை நாய்.
விலாவுக்குக் கீழே எஃகு மூடி.
வலிக்காது என்றார்கள்.
அவள் காதுகளைப் பார்த்துத்தான் நான் அதை நம்பினேன்,
சில நாள் நம்பவில்லை.

மூன்றாம் குழாய்வரை அமிலம் பொங்கியது.
நான்காவதில் சிரை வழியே செரோட்டோனின் ஏற்றினோம்.
ஐந்தில் சொட்டு தயங்கியது.
ஆறில், காரம் பட்டதும் பட்டென்று ரோஜா.
வயிற்றுச் சுவரில் ரத்தமும் குறைந்திருந்தது.

அங்கேதான் சண்டை.
ரத்தம் வற்றியது, அமிலம் நின்றது என்பார் திஹாமேர்:
ஆறில்லாமல் ஆலை சுற்றுமா?
அமிலம் நின்றது, ரத்தம் விலகியது என்பாள் எடெல்கா:
மூடிய கடைக்கு யார் சரக்கு ஏற்றுவார்கள்?
இருவரும் காட்டியது என் எண்களைத்தான்,
ஒரே தாளை ஆளுக்கொரு ஓரம் பிடித்து.

என் வயிற்றிலும் அப்போது
யாரோ புளியைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.
மூன்று நாள் மாநாட்டுக்கு வியன்னா போன லோரிஞ்ச்.
அன்று பதினொன்றாம் நாள்.
கேட்டவர்களிடம், நலம் என்றேன்.

ஏழாம் குழாய்.
மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.
தாழ்வாரத்தில் பெனியின் வாளிச் சத்தம்,
மாலைத் தீனி, இரண்டு மணி முன்னதாக.
போட்ஸாவின் காது நிமிர்ந்தது.
வால் மரச்சட்டத்தை ஒருமுறை தட்டியது,
பிறகு விடாமல்.
அப்புறம் சொட்டியது பாருங்கள்!
காரம் விட்டு விட்டு என் மணிக்கட்டு கடுத்தது,
ரோஜா வரவேயில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்: பெனி வந்தார்.
திஹாமேர் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.
எடெல்கா தலையசைத்தாள்.
அச்சேறிய அட்டவணையில்
ஆறுக்குப் பின் எட்டு.

இன்று மருந்துக்கடையில்
அதே பெயரைச் சொல்லி மகிழ்ச்சி விற்கிறார்கள்.
இருக்கலாம்.
நான் பார்த்தது
ஒரு நாயின் வயிற்றில் அடுப்பைத் தணித்த கை,
ஒரு வாளியிடம் தோற்ற கை.

மார்ச்சில் ஆறு உடைந்த இரவு
எங்கள் படிக்கட்டில் காலடி.
தாழ்ப்பாளை எட்டுமுன்பே
தொண்டைவரை புளிப்பு ஏறியது.
காலடி எங்கள் தளத்தைத் தாண்டி
மேலே போனது.
வயிறு மட்டும்
வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்தது.