பதினேழு இஞ்ச்

கருங்கல் சந்தைப் பக்கம் எனக்குத் தையல் கடை.
கழுத்தில் எப்போதும் கிடக்கும் இஞ்ச் டேப்.
இடது காலில் இரும்பு,
வலது கையில் கட்டை.
மிச்சமிருக்கிற ஒரு கையால்தான்
எதையும் பிடித்துக் கேறவேண்டும்.

"கேறுங்கோ, கேறுங்கோ" என்பார் கண்டக்டர்.
கம்பி எட்டும்.
படி எட்டாது.
பின்னால் நிற்பவர்கள் நல்லவர்கள்.
நல்லவர்களின் கைகள்
அக்குளில், இடுப்பில், எங்கெல்லாமோ.
எல்லாருக்கும் நன்றி சொல்லவேண்டும்.

ஒரு நாள் பஸ் கிளம்ப நேரமிருந்தது.
குனிந்து அளந்தேன்.
தரையிலிருந்து முதல் படி பதினேழு.
அதிலிருந்து அடுத்தது பதினொன்று.
"பஸ்ஸுக்குச் சட்டை தைக்கியளா?"
ஜன்னலோரம் ஒருத்தி சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
எத்தனை மீட்டர் துணி ஆகும் என்று
மனசு கணக்கும் போட்டது. தொழில் அப்படி.

அப்புறம் கை நிற்கவில்லை.
பேங்க் வாசல்: எட்டு, எட்டு, எட்டு, ஒன்பது.
ரேஷன் கடை: ஒரே கல், பதினான்கு.
தபால் ஆபீசில் சரிவுப்பாதை உண்டு,
அதன்மேல் மூன்று பைக்கும் உண்டு.
அளவு நோட்டில்
புஷ்பபாயின் பிளவுசுக்குக் கீழே
எல்லாம் குறித்து வைத்தேன்.

மனுவாக எழுதிக் கொடுத்தேன்.
சென்னையில் தாழ்தளப் பஸ் ஓடுதாமே என்றேன்.
"உங்களுக்குத்தான் டிக்கெட்டே கிடையாதே"
என்றார் கிளார்க்,
அதுவே பதில் என்பதுபோல.
சரிதான். டிக்கெட் கிடையாது.
படி இருக்கிறது.

வறுவேல் டிரைவர் டூட்டி என்றால் வேறு.
ஓடைப் பாலத்துத் திண்டை
உரசுகிறாற்போல் ஒதுக்கி நிறுத்துவார்.
பதினேழு, ஆறாகிவிடும்.
ஆறு இஞ்ச் என்பது
பாவாடையில் உள்ளே மடித்துவிடுகிற துணி.
யாரும் தூக்கவேண்டாம், நானே கேறிவிடுவேன்.
அதனால் எனக்கு வாரத்தில் இரண்டே நாள்,
வியாழனும் சனியும்.
சித்தப்பா செத்தது செவ்வாய்க்கிழமை.
நான் போனது வியாழன்.

போன வாரம் வறுவேல் கடைக்கு வந்தார்.
காக்கிப் பேன்ட்டில் இடுப்பு இரண்டு இஞ்ச் விடணுமாம்.
ஸ்டூலிலிருந்து எழும்ப
மேசையைப் பிடித்தார், மெஷினைப் பிடித்தார்,
பிறகு கேட்காமலே என் தோளை.
"கிளச் சவுட்டி சவுட்டி முட்டு போச்சு.
மே மாசம் ரிட்டயர்டு.
பொறவு நானும் இந்தப் பஸ்ஸுலதான்."

இடுப்பை அளந்தேன்.
அப்படியே டேப்பை இறக்கி
தரைக்கும் முட்டுக்கும் அளந்தேன். பத்தொன்பது.
"இது எதுக்கு?"
நோட்டைத் திருப்பிப் பழைய பக்கத்தைக் காட்டினேன்.
கண்ணாடி கொண்டுவரவில்லை போல,
தூரப் பிடித்து வாசித்தார்.

"நம்ம பஸ்ஸா இது?"

ஆமாம் என்றேன்.

"முப்பத்தொரு வருஷம் ஆச்சு.
அந்தக் கதவு வழியா
நான் கேறினதே இல்ல பாத்துக்கிடுங்க.
எனக்குத் தனிக் கதவுல்லா."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
நூல் கோர்த்தேன்.
பேன்ட்டை வியாழக்கிழமை
பஸ்ஸிலேயே தருகிறேன் என்றேன்.