விழித்திருப்போர் கணக்கு

எனிசேயில் வந்து விழும் எலோகுய். அதன் கரையில்
முப்பத்தொன்பது வீடுகள். அக்டோபர்.
கணக்கெடுக்கப் போன எனக்கு
அரசு கொடுத்தது ஒரு கைக்கணினி,
ஒரு நீலக் கழுத்துத்துணி,
இரண்டு பேர் நுழையலாம் போல ஒரு மழைச்சட்டை.

கேள்வி: எந்தெந்த மொழி பேசுவீர்கள்?

படகு எஞ்சின் பிரித்துப்போட்டிருந்த யெவ்சேய்
'கேத்' என்று சொல்லி நாயைக் காட்டினான்.
'இவனோடு மட்டும். ருஷ்யத்தில் கூப்பிட்டால்
திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.'
ஊல் என்று அதட்டினான். தண்ணீரை விட்டு
வெளியே வந்தது நாய்.
நாய்க்குக் கட்டம் இல்லை. யெவ்சேய்க்கு ஒன்று போட்டேன்.

நூலகத்தில் அக்லயா கேட்டாள்:
'ஏழு வரை எண்ணத் தெரியும்.
ஏழு வரை தெரிந்தால் பேசத் தெரிந்ததாகுமா?
ஆகும் என்றே போடுங்கள்.
ஆள் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள்.'

கடைசி வீடு லூகா திபிக்கொவ்.
கேள்வி முடியுமுன்பே 'இல்லை' என்றார்.
'விடுதிப் பள்ளி வாசலில் கழற்றிவைத்தேன்,
மான்தோல் பூட்சோடு சேர்த்து.'

மனைவி கபிதொலீனா ருஷ்யக்காரி.
உருளைக்கிழங்கு சீவும் கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்:
'பொய். ராத்திரி பேசுகிறார்.
இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறேன்.
ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஆனால்
எந்த வார்த்தைக்கு அப்புறம் புரண்டு படுப்பார்
என்று தெரியும்.'

லூகா காது சிவக்க எழுந்து விறகெடுக்கப் போனார்.
அடுப்பருகே விறகு ஆளுயரத்துக்கு இருந்தது.

அவள் ஒன்றைச் சொல்லிக் காட்டினாள்.
குரல் ஏறி, தொண்டையில் ஒரு முடிச்சு விழுந்து,
அவிழ்ந்து இறங்கியது.
'இதைப் போடுங்கள். அவர் பேரிலோ என் பேரிலோ.'

பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்,
மொழிக்கும் குடும்பம் உண்டு என்று.
இந்தக் குடும்பத்தில் அரின், அசான், பும்போகொல்
ஒரே நூற்றாண்டில் போய்ச் சேர்ந்தார்கள்.
அடுத்ததில் கோத். யுக் போனது
என் அம்மா காலத்தில்.
ஒற்றை அடுப்பில் கேத் குளிர்காய்கிறது.
படிவத்தில் இறந்தவர்களுக்கு இடமில்லை;
'இன்றிரவு இந்த வீட்டில் தங்குவோர் யார்?'
அவ்வளவுதான்.

பனிமூட்டம். படகு எடுக்கவில்லை.
அன்றிரவு அந்த வீட்டில் தங்கியவர்களில்
நானும் ஒருத்தி.

மூன்று மணி இருக்கும். பலகைச் சுவருக்கு அப்பால்
முதலில் இருமல். பிறகு பேச்சு.
யாரிடமோ எதையோ கேட்கிறார்.
பதிலுக்கு இடம் விடுகிறார்.
பதில் வந்துவிட்டதுபோலச் சிரிக்கிறார்.
எனக்குப் பிடிபட்டது 'ஊல்' மட்டும்,
அதுவும் நாய் தயவில்.

இன்னொரு சத்தமும் கேட்டது.
கபிதொலீனா உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.
கதை கேட்கிற பிள்ளைபோல அல்ல,
அரைத் தூக்கத்தில், பழகிப்போய்,
ஒவ்வொரு முறையும் அவர் மூச்சு வாங்குகிற இடத்தில்.

காலையில் லூகா
டீயில் ஜாம் கலக்கியபடி ருஷ்யத்தில்
டீசல் விலை பேசினார். என் கண்ணைப் பார்க்கவில்லை.
கைக்கணினி அரையை ஏற்பதில்லை, முழு எண்தான்.
நான் என்ன போட்டேன் என்று சொல்லமாட்டேன்:
ரகசியக் காப்புக்குக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஊர் திரும்பும் ரயில் தைஷெட்டில் அரைமணி நின்றது.
கோத் மொழியில் ஷெட் என்றால் ஆறு.
அதைப் பேசியவர்கள் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது.
ஒலிபெருக்கி சொன்னது, தைஷெட்.
அவித்த முட்டை விற்றவள் சொன்னாள்.
கீழ்ப் படுக்கைக்காரர் போனில் கத்தினார்:
'தைஷெட்! தைஷெட்டில் நிற்கிறோம்! காதில் விழுகிறதா?'

மூன்று என்று விரல் மடக்கியிருந்தேன்.
பழக்கதோஷம்.
வேலை முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது ஞாபகம் வர
கையை எடுத்து
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்,
மடக்கிய விரல்களோடு.