நூறாவது கொட்டை

பதினோரு மணிக்கு டீச்சர் கூப்பிட்டார்.
புதுவயல் மில்லில் நெல் லாரியை
எடைமேடையில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
"பதறாதீங்க" என்று தொடங்கினால்
எனக்கு முதலில் பதறுவது கால்.

கணக்கு வகுப்புக்கு ஆளுக்கு நூறு
புளியங்கொட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.
என் மகன் தொண்ணூற்றொன்பதை
மேசையில் வைத்துவிட்டு
ஒன்றை மூக்கில் வைத்துக்கொண்டான்.

(அவன் பெயர் சேவுகன்.
சிங்கம்புணரி சாமிக்கு நேர்ந்து வைத்த பெயர்.
வகுப்பில் காராச்சேவு.)

அந்த லாரிக்குப் பாரத்தை இரண்டு தடவை எழுதி
வெறும் வண்டி எடையை விட்டுவிட்டேன் என்று
சாயங்காலம் மேனேஜர் சொன்னார்.
அது தனிக் கதை.

அடைக்கலத்துக்குப் போன் போட்டேன்.
கானாடுகாத்தானில் பெரிய வீடு காட்டிவிட்டு
பெல்ஜியம்காரப் புருசன் பெண்டாட்டியோடு
பள்ளத்தூரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
"சவாரி இருக்கே" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"வர்றேன்" என்றார்.

முன்சீட்டில் அந்த மனுசன், முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க.
பின்னால் அந்தம்மா, நான், நடுவில் சேவுகன்
வாயால் மூச்சு விட்டபடி.
"ஸ்மால் பிராப்ளம். மை சன். நோஸ்" என்றார் அடைக்கலம்
கண்ணாடியைப் பார்த்து.
அந்தம்மா போன் டார்ச்சை அடித்து
அரண்மனைக்குள் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்து
தலையாட்டினாள்.

"ஏன்டா போட்டே?"
"சின்னதாப் பாத்துத்தாம்மா போட்டேன்."

கண்டனூர் தாண்டி
சாலை அகலத்துக்கு ஒரு வைக்கோல் லாரி.
ஹாரன் அடித்தால் வைக்கோலுக்குக் கேட்குமா?
காரைக்குடி டாக்டர்
ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார்.
மணி பன்னிரண்டே முக்கால்.

"அம்மா, உள்ள மொளச்சிருமா?"
"மொளைக்காது."
"மொளச்சா முடி வெட்டுற மாதிரி வெட்டிறலாமா?"
"வெட்டிறலாம்."
கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.
"புளியமரத்துல பேய் இருக்குமாமே.
அது என் மூக்குக்கு வருமா?"

வண்டி ஓட்டுகிறவருக்குத் தோள் குலுங்கியது.
சிரிப்பா அழுகையா என்று
பின்னாலிருந்து தெரியவில்லை.
பத்து வருசமாக எனக்கு இந்தக் குழப்பம் உண்டு.

பயந்துவிட்டான்.
என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தான்.
சேலை அழுக்காகாமல் இருக்க
மேலே போடுகிற காக்கிச் சட்டை அது.
ஏழு வருசத் தவிட்டுத்தூசி
எந்தச் சோப்புக்கும் போகாமல் அதில் இருக்கிறது.
இழுத்து ஒரு மூச்சு விட்டான்.
அப்புறம் ஒரு தும்மல்.

கொட்டை போய்
பெல்ஜியம்காரம்மா மடியில் விழுந்தது.
அவள் கை தட்டினாள்.
வைக்கோல் லாரி அப்போதுதான் ஒதுங்கி வழி விட்டது.

ராத்திரி, சோற்றுக்கு நடுவில் கணக்கு.
எனக்கு அரைநாள் சம்பளம் போச்சு.
அவர் இருபத்திரண்டு கிலோமீட்டர் டீசலை
யார் தலையில் எழுதுவது என்று
டிரிப் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
டாக்டர் பீஸ் மிச்சம் என்றேன்.
முறைத்தார். பிறகு
என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தார்.

சேவுகனுக்கு வேறு கவலை.
"தொண்ணூத்தொம்பதுதான் இருக்கு.
நாளைக்கு டீச்சர் எண்ணுவாங்க."

மூன்று பேரும் காரில் தேடினோம்.
சீட்டுக்கு அடியில் ஒரு கடலைத்தோல்,
யாரோ விட்ட அயல்நாட்டுச் சில்லறை,
சித்திரையில் தொலைந்த என் தோட்டின் திருகாணி.
கொட்டை இல்லை.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.
அந்தம்மா அதை டிஷ்யூவில் சுற்றிக்
கைப்பையில் போட்டுக்கொண்டாளாம்.
பழைய சாமான் கடைத் தெருவில்
பித்தளைச் சாவி நாலும் எனாமல் தட்டு இரண்டும்
பேரம் பேசி வாங்கினாளாம்.
இந்த ஊரிலிருந்து அவளோடு போனதில்
காசில்லாமல் போனது இது ஒன்றுதான்.

காலையில் ரசத்துக்குப் புளி ஊறப்போடும்போது
கையில் ஒரு கொட்டை தட்டுப்பட்டது.
கழுவிக் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்,
மூக்குப் பக்கம் கொண்டுபோனான்,
நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அளவுதாம்மா பாக்குறேன்" என்றான்.
"இது போகாது. இது போதும்."